ஒன்பது வருடமாக மடியில் ஒரு வில்லுக்கத்தி

மட்டக்களப்பில் வவுணதீவுப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. வயலுக்கு இறங்கும் நாளில் உடுப்பது சாரம்தான். சாரத்துக்குப் பை கிடையாது. வெற்றிலைப் பொட்டலம், சில்லறைக் காசு, மடக்கி வைக்கும் வில்லுக்கத்தி எல்லாம் இடுப்பில் சாரத்தைச் சுருட்டிய மடியில்தான் போகும். அதனால் ஒரு வில்லுக்கத்தியைக் கையில் எடுத்தால் நான் வைக்கும் முதல் பரீட்சை மடிதான். குனிந்து நிமிரும்போது இடுப்பைக் குத்துகிறதா? வரம்பில் நடக்கும்போது நழுவுகிறதா? சேற்றுக் கையால் திறக்க வருகிறதா? மடிக்குள் தானாகத் திறந்துகொள்ளுமா? இந்தக் கடைசிக் கேள்வியை எந்தக் கடைக்காரரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

2016 முதல் இன்றுவரை நான்கு கத்திகள் என் மடியில் இருந்திருக்கின்றன. அதில் மூன்று மிச்சம். அவற்றைப் பற்றியும், அவற்றுக்குக் கொடுத்த காசைப் பற்றியும் எழுதுகிறேன்.

இந்தப் பிடிப்பு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அப்பாவிடம் எருமைக்கொம்புப் பிடி போட்ட வில்லுக்கத்தி ஒன்று இருந்தது. பாக்குச் சீவ, கயிறு அறுக்க, மாங்காய் நறுக்க, எங்களுக்குப் பென்சில் கூராக்க எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். மடிக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். “இன்னொருக்கா மடியுங்க அப்பா” என்று நான் கேட்பேன். “கைய வெட்டிப்போடும் மனே, தள்ளி இரி” என்பார், ஆனால் மடித்துக் காட்டுவார். 90களில் சோதனைச்சாவடி தாண்டி வரும் நாட்களில் அதை வயல் வாடியின் கிடுகுக் கூரைக்குள் செருகிவிட்டு வருவார். ஒருமுறை இரண்டு கிழமை வயலுக்குப் போக முடியவில்லை. திரும்பிப் போனபோது வாடியே இல்லை.

அதற்குப் பிறகு அப்பா வில்லுக்கத்தி வாங்கவில்லை. நான்தான் வாங்கினேன், பல வருடம் கழித்து.

முதல் கத்தியை 350 ரூபாவுக்கு மட்டக்களப்பு டவுனில் வாங்கினேன். பெயர் எதுவும் பொறிக்காதது, மரம் போல நிறம் பூசிய பிளாஸ்டிக் பிடி. பளபளப்பாக இருந்தது. ‘டக்’ சத்தமும் வந்தது. அந்தச் சத்தத்தை நம்பித்தான் வாங்கினேன் என்று சொன்னாலும் பிழையில்லை.

இந்த வகைக் கத்தியின் உள்ளே என்ன நடக்கிறது என்று பலர் பார்ப்பதில்லை. பிடியின் முதுகுப் பக்கம் ஒரு நீளமான வில் இருக்கும். அலகின் அடிப்பகுதி தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். வில் அந்தத் தட்டையான இடத்தை அழுத்திக்கொண்டு இருப்பதால்தான் அலகு திறந்த நிலையில் நிற்கிறது. அது பூட்டு இல்லை, வெறும் அழுத்தம் மட்டும்தான். வில்லின் உருக்கு நல்லதென்றால் அந்த அழுத்தம் பல வருடம் அப்படியே இருக்கும். மட்டமான உருக்கு என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். அலகு கூர் மழுங்கினால் கண்ணுக்குத் தெரியும், வில் தளர்வது தெரியாது.

எனக்கு அது தெரிந்தது எட்டாவது மாதத்தில். யூரியா பையின் வாய்த் தையலை அறுக்கும்போது நூல் சிக்கியது. கத்தியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி எடுக்கப் பார்த்தேன். அலகு அப்படியே மடிந்து சுட்டுவிரலின் நடுக்கணுவில் இறங்கியது. முதலில் வலி தெரியவில்லை, வெள்ளைப் பையில் சிவப்பாகச் சொட்டியதைத்தான் பார்த்தேன். மூன்று தையல், ஒரு ஏற்பு ஊசி, ஓட்டோக் காசு, ஒரு கிழமை வேலை இல்லை. 350 ரூபாவை இதோடு சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

மலிவுக் கத்தி எல்லாமே கூடாது என்று சொல்ல வரவில்லை. பிறகு 600 ரூபாவுக்குக் காத்தான்குடியில் ஒன்று வாங்கினேன். கடைக்கார நானாவே நாலைந்தைத் திறந்து மடித்துப் பார்த்து, “இதக் கொண்டு போங்க தம்பி, இதுட வில்லு நல்லம்” என்று எடுத்துத் தந்தார். இன்றைக்கும் எங்கள் குசினி யன்னலில் இருக்கிறது. பால்மா பைக்கற்றை வெட்டுகிறது, அது போதும். ஒரே பெட்டியில் வரும் பத்துக் கத்தியும் பத்து விதமாக இருக்கும் என்பதுதான் மலிவு விலையில் உள்ள சிக்கல். பார்த்து எடுக்கத் தெரிந்தவர் கூட இருந்தால் தப்பிக்கொள்ளலாம்.

அடுத்தது சுவிசில் இருந்து வந்தது. 2017 ஆடி அமாவாசைக்கு, மாமாங்கத் தீர்த்தம் ஆட வந்த மச்சான் கொண்டுவந்தான். சிவப்புப் பிடி, வெள்ளைச் சிலுவை, மடித்தால் 58 மில்லிமீற்றர், எடை இருபது கிராம் சொச்சம். விக்டோரினொக்ஸ் கிளாசிக். கார்ல் எல்செனர் என்பவர் 1884இல் இபாக் என்ற ஊரில் தொடங்கிய பட்டறை அது. 1891இல் சுவிஸ் இராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். தாய் விக்டோரியாவின் பெயரையும், துருப்பிடிக்காத உருக்கைக் குறிக்கும் ‘இனொக்ஸ்’ என்ற சொல்லையும் சேர்த்துத்தான் இன்றைய பெயர். அம்மாவின் பெயரைக் கத்தியில் வைத்த ஆளை எனக்குப் பிடித்துப்போனது.

விலை 20 பிராங் அளவில் என்றான் மச்சான். அன்றைய கணக்கில் மூவாயிரம் ரூபாவுக்கு மேல். முதல் இரண்டு மாதம் அதை அலுமாரியில் வைத்திருந்தேன். “கத்தி வெட்டுறதுக்கா, கும்பிடுறதுக்கா?” என்று மனைவி கேட்ட பிறகுதான் வெளியே எடுத்தேன். எடுத்த முதல் போகத்திலேயே வயலில் தொலைத்தேன். அந்த இரவு சரியாக நித்திரை இல்லை. அறுவடை முடிந்து ஒட்டு நிற்கும்போது வரம்போரம் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. தோண்டி எடுத்துக் கழுவினேன். சேற்றை ஊசியால் கிண்டி எடுத்த பிறகு பழையபடி திறந்தது, எங்கேயும் துரு இல்லை. அந்த உருக்கின் மதிப்பு எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் அதன் அலகு என் சின்னவிரலை விடக் குட்டை. கயிறு அறுக்கவோ வெள்ளரிக்காய் பிளக்கவோ அது ஆகாது. இப்போது மனைவியின் தையல் மெஷின் லாச்சியில் இருக்கிறது. அதில் உள்ள குட்டிக் கத்தரிக்கோலைப் போல நூலை ஒட்ட வெட்டுவது வேறொன்றும் இல்லை என்கிறாள். நாளுக்கு முப்பது நாற்பது தடவை கையில் எடுக்கிறாள். விலையை வேலைக்குப் பிரித்துப் பார்த்தால் எங்கள் வீட்டில் மிக மலிவான கத்தி அதுதான்.

சரி, மடிக்கு வருவோம். 2019இல் பாரிஸில் இருக்கும் பெரியம்மாவின் மகள் ஒரு ஒபினெல் கொண்டுவந்தா. 7ஆம் எண், அலகு 8 சென்ரிமீற்றர், பீச் மரப் பிடி. பிரான்சின் சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒபினெல் 1890இல் செய்யத் தொடங்கிய கத்தி, இன்றும் கிட்டத்தட்ட அதே உருவம். இதற்குள் வில்லே கிடையாது. மரப்பிடியில் ஒரு வெடிப்பு, அதற்குள் அலகு, குறுக்கே ஓர் ஆணி, கழுத்தில் ஓர் உலோக வளையம். அவ்வளவுதான். அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும், விரலில் மடியாது. இந்த வளையம் 1955இல் வந்திருக்கிறது. 2000இல் இருந்து மடித்த நிலையிலும் பூட்டலாம். சாரம் உடுத்தவனுக்கு இந்த இரண்டாவது பூட்டுத்தான் பெரிய காரியம். ஆறு வருடத்தில் ஒருநாளும் மடிக்குள் திறந்ததில்லை. நழுவாமல் இருக்கப் பிடியின் அடியில் துளை போட்டு வலைநூல் கட்டி, மறுமுனையை அரைஞாண் கயிற்றில் முடிந்திருக்கிறேன்.

எனக்கு வந்தது கார்பன் உருக்கு. துருப்பிடிக்காத உருக்கிலும் அதே கத்தி உண்டு. வாவிக்கரையில் இருப்பவர்கள் இரண்டாவதையே கேளுங்கள். நான் ஒருநாள் மாங்காய் வெட்டிவிட்டு ஈரத்தோடு மடித்து வைத்தேன். காலையில் அலகில் செம்புள்ளி. பிழை என்னுடையது, உப்புக்காற்றுக்குக் கார்பன் உருக்கைத் துடைக்காமல் காட்டக் கூடாது. புளிப்பான காய்களைத் தொடர்ந்து வெட்ட வெட்ட அலகு சாம்பல் நிறமாகக் கறுத்து, அந்தக் கறுப்பே ஓரளவு துருவைத் தடுக்கும். ஆனால் ஆரம்பத்தில் மாங்காயில் இரும்பு வாடை அடிக்கும், வெட்டிய இடமும் கறுக்கும். பிள்ளைகள் தின்னவில்லை.

மரப்பிடி மழைக்கு ஊறி, அலகை இறுகப் பிடிக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் கார்த்திகை மார்கழி மழையில் சொல்லவே வேண்டாம். பிரான்சிலேயே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிடியின் குதியை மேசையில் ஓங்கித் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும், பிறகு நகத்தால் இழுக்கலாம். ‘சவோய்க்காரன் தட்டு’ என்று அதற்குப் பெயரே உண்டு. நான் செய்தது வேறு. பங்குனி வெயிலில் நன்றாகக் காயவிட்டு, வெடிப்பின் உட்பக்கத்தை மண்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மூன்று நாள் விட்டு விட்டுப் பூசினேன். ஒரு மாரி முழுவதும் பிரச்சினை இல்லை. தேங்காய் எண்ணெய் பூச வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்காகிச் சிக்குவாடை வரும். ஆணிக்கும் வளையத்துக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும்.

பிரான்சில் அதன் விலை 12, 13 யூரோ அளவில்தான் என்றா அக்கா. அங்கே அது சாமானிய மனிதரின் கத்தி. எங்களுக்கு அப்படியில்லை. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியபோது, மூவாயிரத்துக்குள் இருந்த இதே கத்தி ஐயாயிரம் அளவுக்குப் போய்விட்டது. கத்தி மாறவில்லை, எங்கள் காசுதான் மாறியது. அந்த வருடம் பசளைக்கே அலைந்த நேரம் என்பதால் கத்தியைப் பற்றி யார் நினைத்தார்கள்.

இன்னும் விலை கூடியதையும் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். போன வருடம் கனடாவில் இருந்து வந்த பெரியப்பா மகன் செபென்சா என்ற மடக்குக் கத்தி ஒன்றைக் காட்டினார். டைட்டானியம் பிடி, 400 டொலருக்கு மேல். பெயருக்கு சூலு மொழியில் ‘வேலை’ என்று பொருளாம். திறக்கும்போது எண்ணெயில் வழுக்குவது போல இருந்தது, எந்தப் பக்கமும் ஆட்டம் இல்லை. உண்மையிலேயே அழகான வேலைப்பாடு, அந்தக் காசு எங்கே போயிருக்கிறது என்று விரலுக்குத் தெரிகிறது. ஆனால் அத்தகைய கத்திகளுக்குப் போடும் உருக்கில் வனேடியம் கூடியவை உண்டு. கூர் நெடுநாள் நிற்கும், மழுங்கினால் தீட்ட வைரத் தகடு வேண்டும். நான் தீட்டுவது தேத்தண்ணிக் கோப்பையின் அடிவளையத்தில். ஒபினெல் அதில் பத்து நிமிடத்தில் மயிர் மழிக்கும் கூருக்கு வந்துவிடும். எங்கள் ஊரில் கிடைக்கும் கல்லில் தீட்ட முடியாத கத்திக்கு எவ்வளவு காசு கொடுத்தாலும் அது பாதிக் கத்திதான் என்பது என் எண்ணம்.

ஆகவே யாராவது கேட்டால், தொலைத்தால் ஒருநாள் மட்டும் மனம் நோகும் விலையில் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். அதற்குக் கீழே போனால் விரல் போகும். அதற்கு மேலே போனால் கத்தி அலுமாரியை விட்டு இறங்காது. எனக்கு அந்த விலை இரண்டு நாள் கூலி. உங்களுக்கு வேறாக இருக்கும். டவுனுக்கும் கோயிலுக்கும் கந்தோருக்கும் போகும்போது எந்தக் கத்தியையும் எடுத்துப் போகாதீர்கள். விமானத்தில் கைப்பைக்குள் வைக்கவே கூடாது.

ஒன்று மட்டும் குறை. ஒபினெல் மடியும்போது சத்தம் வராது. மரத்தில் மெல்ல உரசி உள்ளே போகும், அவ்வளவுதான். போன மாதம் ஒரு கொல்லரிடம் எருமைக்கொம்புத் துண்டோடு போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அலகு அடிச்சித் தரலாம் தம்பி, வில்லுத்தான் பாடு. மரம் அறுக்கிற பழைய வாள்த் தகடு தடிப்பா ஒண்டு கிடைச்சாக் கொண்டாங்க” என்றார். 6,500 ரூபா கேட்டார். ஒபினெலை விடக் கூட, நான் மேலே சொன்ன கணக்கையும் தாண்டியது. ஆயிரம் ரூபா முற்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். தகடு தேடிக்கொண்டிருக்கிறேன்.