கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை முகாம்: பணம் கொடுப்பவர்களுக்கு ஒரு மதிப்பீடு

கிராமத்துப் பெண்களுக்கான கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முகாமுக்குப் பணம் தர லயன்ஸ், ரோட்டரி, வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கம், கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பிரிவு என்று பலர் முன்வருகிறார்கள். முகாம் நடத்தித் தரும் அமைப்புகளின் துண்டறிக்கைகளும் ஒன்றுபோலவே இருக்கும்: இத்தனை பேருக்குப் பரிசோதனை, ஓர் ஆளுக்கு இத்தனை ரூபாய். இந்தக் கணக்கை வைத்து முகாமை எடைபோடக் கூடாது. பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்று கேளுங்கள். அந்த எண் இல்லாத முகாமுக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம்.

முகாமே வீண் என்று சொல்லவில்லை. அதன் பலன் திண்டுக்கல் மாவட்டத்திலேயே நிரூபணமானது. அங்கே 2000இல் தொடங்கிய ஓர் ஆய்வில் 30 முதல் 59 வயது வரையான 49,311 பெண்களில் 31,343 பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். ஏழு ஆண்டு முடிவில், பரிசோதனை நடக்காத ஊராட்சிகளைவிட இங்கே நோய் 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைவு. ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனைக்கு இது பெரிய பலன். ஆனால் அதே ஆய்வில், புற்றுநோய்க்கு முந்தைய நிலை கண்டறியப்பட்ட 1,874 பேரில் 72 சதவீதத்தினருக்குத்தான் சிகிச்சை போய்ச் சேர்ந்தது. அவ்வளவு கண்காணிப்பு இருந்த இடத்திலேயே நூற்றுக்கு 28 பேர் நழுவினார்கள். ஒருநாள் முகாமில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

திண்டுக்கல்லில் செய்ததும், இன்று பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்வதும் விஐஏ எனப்படும் அசிட்டிக் அமிலச் சோதனை. ஸ்பெகுலம் என்ற விரிப்புக் கருவியை வைத்து, கர்ப்பப்பை வாயில் 5 சதவீத அமிலத்தைப் பஞ்சால் தடவி, முழுதாக ஒரு நிமிடம் காத்திருந்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள்; தெரிந்தால் பாசிட்டிவ். செலவு மிகக் குறைவு, முடிவு அங்கேயே தெரியும். கெட்டுப்போவதும் இந்த எளிய இடங்களில்தான். அடர் அமிலம் 5 மில்லியுடன் காய்ச்சி வடித்த நீர் 95 மில்லி சேர்த்து அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். போன வாரம் கலந்து வைத்த பாட்டிலில் வீரியம் இறங்கியிருந்தால் திட்டு தெரியாது. கலக்காத அடர் அமிலம் தவறிப் பட்டால் புண்ணாகிவிடும். கூட்டம் சேர்ந்தால் ஒரு நிமிடக் காத்திருப்பு இருபது நொடியாகச் சுருங்கும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் பிரியாது. நல்ல ஹாலஜன் அல்லது வெள்ளை எல்இடி விளக்கு தேவை.

திண்டுக்கல்லில் பாசிட்டிவ் விகிதம் சுமார் 10 சதவீதம். ஒரு முகாமில் 1 சதவீதமோ 30 சதவீதமோ வந்தால் பெண்களைச் சந்தேகிக்கும் முன் செவிலியரின் பயிற்சியைச் சந்தேகியுங்கள். ஒரு செவிலியர் நாளொன்றுக்கு 25, 30 பேரை ஒழுங்காகப் பார்க்கலாம். ஒரே நர்ஸ் 120 பேரைப் பார்த்ததாக வரும் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். இன்னொன்று, மாதவிடாய் நின்றபின் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே சுருங்கிவிடுவதால் 50 வயதைக் கடந்த பெரும்பாலோருக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவர்களையும் வரிசையில் நிறுத்தி "நார்மல்" என்று சீட்டு கொடுத்து அனுப்புவது ஏமாற்று வேலை.

பட்ஜெட் இடம் கொடுத்தால், இந்தப் புற்றுக்குக் காரணமான எச்பிவி வைரஸைத் தேடும் சோதனையே மேல். ஸ்பெகுலம் வேண்டாம், மேசையில் படுக்க வேண்டாம். சிறிய பிரஷ்ஷை அந்தப் பெண்ணே உள்ளே விட்டுச் சில முறை சுழற்றிக் குழாயில் போட்டுக் கொடுத்துவிடலாம். கூச்சத்தால் வராதவர்களை எட்ட இதைவிட நல்ல வழி இப்போது இல்லை. பிசிஆர் (வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும்) முறைச் சோதனைதானா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்; தானே எடுத்த மாதிரியிலும் அது டாக்டர் எடுத்ததற்கு நிகராகக் கண்டுபிடிக்கும். நெகட்டிவ் என்றால் அடுத்த சோதனைக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு அவகாசம் உண்டு, விஐஏவுக்கு மூன்று ஆண்டுதான். குறை என்னவென்றால் முடிவு லேபிலிருந்து வர வேண்டும். அந்த இடைவெளியில் செல்போன் எண் மாறிவிடும், ஆள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார். பக்கத்து வீட்டு எண், சுயஉதவிக் குழுத் தலைவியின் எண் இரண்டையும் சம்மதத்தோடு வாங்கி வைக்காத பதிவேடு பாதிப் பதிவேடுதான். 30 வயதுக்குக் கீழே பொதுவாக இந்தச் சோதனை வேண்டாம். அந்த வயதில் வரும் தொற்று பெரும்பாலும் தானாகவே போய்விடும். வீண் பயம்தான் மிஞ்சும்.

அடுத்து, புற்றுநோய்க்கு முந்தைய நிலைக்கான சிகிச்சைக் கருவி. நன்கொடைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. பழைய கிரையோ முறையில் மூன்று நிமிடம் உறையவைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி மூன்று நிமிடம் உறையவைக்க வேண்டும். கேஸ் சிலிண்டரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், பாதியில் அழுத்தம் இறங்கினால் சிகிச்சையும் பாதிதான். பேட்டரியில் ஓடும் வெப்பக் கருவி கைக்கு அடக்கம். 100 டிகிரி சூட்டில் ஒரு நிமிடத்துக்குள் வேலை முடியும், மயக்க மருந்து வேண்டாம். திட்டு முழுவதும் கண்ணுக்குத் தெரிந்து, உள்ளே நீளாமல், புற்றுநோய்ச் சந்தேகமும் இல்லாவிட்டால் அன்றைக்கே செய்து அனுப்பிவிடலாம். "அடுத்த வியாழக்கிழமை மெடிக்கல் காலேஜுக்கு வாங்க" என்று சீட்டு எழுதும்போதுதான் பெண்கள் காணாமல் போகிறார்கள். சிகிச்சைக்குப் பின் சில வாரம் நீர்போல வெள்ளைபடும், நான்கு வாரம் உடலுறவு கூடாது. இதைக் கணவரிடமும் சொல்லி அனுப்புவது செவிலியரின் வேலைப் பட்டியலில் இருக்க வேண்டும்.

புற்றுநோயே என்று தெரிந்தவர்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு. ஆனால் அது ஆஸ்பத்திரிச் செலவைத்தான் பார்க்கும். முற்றிய நிலையில் ஊரில் கரண்ட் வைப்பது என்று சொல்லும் கதிர்வீச்சு வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம், கூடவே வாரமொரு மருந்து ஊசி, பிறகு உள்கதிர்வீச்சு. எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்தால் பலன் குறையும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, வெளியூர்ப் பேருந்தில் உண்டு. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பு இலவசம், துணைக்கு வருபவருக்கு 75 சதவீதச் சலுகை. ஆஸ்பத்திரிச் சான்று வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. தங்குமிடம், துணைக்கு வருபவரின் சாப்பாடு, இழந்த கூலி ஆகியவற்றுக்குக் கணக்குத் தலைப்பே இல்லாத திட்டத்தில் பெண்கள் மூன்றாவது வாரம் நின்றுவிடுகிறார்கள். மொத்த நிதியில் மூன்றில் ஒரு பங்கையாவது இதற்கும் பின்தொடரும் ஆளின் சம்பளத்துக்கும் ஒதுக்கச் சொல்வோம். பேனரும் சால்வையும் குறைந்தால் குற்றமில்லை.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம், நாடு முழுவதும் 1.9 சதவீதம். ஆகவே யார் வந்தார்கள் என்பதைவிட யார் வரவில்லை என்ற பட்டியல்தான் முக்கியம். காலை பத்து மணிக்கு முகாம் வைத்தால் நூறு நாள் வேலைக்குப் போனவர் வரமாட்டார். கணவர் இறந்தவர்கள் "எனக்கெதுக்கு" என்று ஒதுங்குவார்கள். உடலுறவில் வரும் எச்பிவி தொற்று புற்றாக மாற 15, 20 ஆண்டுகூட ஆகலாம் என்பதை அவர்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். எச்ஐவி உள்ளவர்களுக்கு ஆபத்து சுமார் ஆறு மடங்கு, அவர்களை எச்ஐவி மருந்து தரும் ஏஆர்டி மையம் வழியாக அழைக்கலாம். இடமும் பாருங்கள்: கழிப்பறை இல்லாத, ஜன்னலுக்குத் திரை இல்லாத பள்ளி வகுப்பறையில் எந்தப் பெண்ணும் இரண்டாம் முறை படுக்க மாட்டார்.

"முழுப் பெண்கள் பேக்கேஜ்" என்று சினைப்பைப் புற்றுக்கு சிஏ 125 ரத்தப் பரிசோதனையைச் சேர்த்து விலை ஏற்றினால் மறுத்துவிடுங்கள். அறிகுறி இல்லாதவர்களிடம் அதைச் செய்வதால் சாவு குறையவில்லை என்று பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வு 2021இல் காட்டிவிட்டது. அந்தப் பணத்துக்கு, மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் ஸ்கேனுக்கு வர வேண்டும் என்று வீடுவீடாகச் சொல்ல ஓர் ஆளை வைக்கலாம்.