நீளமான வரிசை, நகராத வரிசை: கோயமுத்தூர்க்காரர்களுக்கு இமிக்ரேஷன் ஒரு மதிப்பீடு

கோயமுத்தூர் விமான நிலையத்தின் இமிக்ரேஷனைச் சென்னையோடு ஒப்பிட்டுப் பேசுவதில் பயனில்லை. சென்னையில் எந்நேரமும் ஏதாவது ஒரு விமானம் இறங்கிக்கொண்டே இருக்கும், கூட்டம் வடியாது. பீளமேட்டில் இருக்கும் நம் நிலையம் அப்படி இல்லை. 2012-ல் சர்வதேச நிலையம் என்ற தகுதி கிடைத்த பிறகும் ஷார்ஜா, சிங்கப்பூர், அபுதாபி என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வெளிநாட்டு விமானங்கள். கூடம் வெறிச்சோடிக் கிடக்கும். ஒரு விமானம் வந்து நின்றதும் நூற்றைம்பது, நூற்றெண்பது பேர் ஒட்டுக்கா உள்ளே வருவார்கள். அந்தக் கூட்டம் தீர்ந்ததும் மறுபடி காலி. பண்டிகை நாளா, சாதா நாளா என்பதை விட, விமானத்தில் எத்தனையாவது வரிசையில் உட்கார்ந்து வந்தீர்கள் என்பதே இங்கே பெரிது.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஏ320 ரக விமானம் நிறைந்து வந்தால் 180 பேர். இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தலைக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், நான்கு மேசை திறந்திருக்கும்போது கடைசி ஆள் வெளியே வர 45 நிமிடம் ஆகும். இரண்டே மேசை என்றால் ஒன்றரை மணி நேரம். முதல் பத்து வரிசை இருக்கைகளில் வந்தவர்கள் 60 பேர். நான்கு மேசையில் அவர்கள் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடுவார்கள். கைப்பை மட்டும் கொண்டுவருகிறவர் முன் இருக்கைக்கு நானூறு, ஐந்நூறு கூடக் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. பெட்டி போட்டவருக்கு அது வீண் செலவு. இமிக்ரேஷனில் மிச்சம் பிடித்த நேரத்தைப் பெல்ட் பக்கத்தில் பெட்டிக்காக நின்று கழிக்கத்தான் போகிறார். இன்னொன்று: விமானத்தை விட்டு இறங்கியதும் கழிப்பறைக்குப் போகிற ஐந்து நிமிடத்தில் ஐம்பது பேர் உங்களைத் தாண்டியிருப்பார்கள். இறங்குவதற்கு அரை மணி முன்பே, சீட் பெல்ட் விளக்கு எரிவதற்குள், அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

இந்தியர்கள் எந்தச் சீட்டும் நிரப்ப வேண்டியதில்லை. வரும்போது நிரப்பும் அட்டை 2014 மார்ச்சிலும், போகும்போது நிரப்பும் அட்டை 2017 ஜூலையிலும் எடுக்கப்பட்டுவிட்டன. ஆனாலும் பேனா எங்கே, சீட்டு எங்கே என்று தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேசையில் நடப்பது இவ்வளவுதான்: பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தைக் கருவி படிக்கும், கேமரா முகத்தைப் பார்க்கும், எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஒரு கேள்வி, முத்திரை. ஒரு நிமிட வேலையை மூன்று நிமிடமாக்குவது பெரும்பாலும் நம் ஆட்கள்தான். பாஸ்போர்ட்டுக்குத் தோல் உறை மாட்டி, அதற்குள் ரூபாய், திர்ஹம், தங்கக்கடை ரசீது எல்லாவற்றையும் சொருகி வைத்திருப்பார்கள். உறையோடு வைத்தால் கருவி படிக்காது. அதிகாரி திருப்பிக் கொடுப்பார், உரிப்பதற்குள் பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவார். உறையை வரிசையில் நிற்கும்போதே கழற்றிப் பையில் போடுங்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி கழற்றியிருக்கட்டும். போர்டிங் பாஸ் துண்டைக் கிழித்துப் போடாதீர்கள், கேட்கக்கூடும். கூடத்தில் போனில் படம் எடுக்கக் கூடாது; வீட்டுக்கு வீடியோ கால் போட்டு "வந்துட்டனுங்க" என்று காட்டுவதும் அதில் சேர்த்தி.

வெளிநாட்டவர் வரிசை வேறு கதை. பார்க்கக் குட்டையாக இருக்கும், பத்து பேர்கூட இருக்க மாட்டார்கள். ஆனால் நகராது. காரணம் இ-விசா. இ-விசாவில் வருகிறவரின் பத்து விரல் ரேகையையும் முகத்தையும் இங்கே இறங்கிய பிறகுதான் பதிவு செய்கிறார்கள். விமானக் காற்றில் விரல் வறண்டிருந்தால் ரேகை விழாது, திரும்பத் திரும்ப அழுத்தச் சொல்வார்கள். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். ஆளுக்கு நாலைந்து நிமிடம் சாதாரணம். பத்து பேர், ஒரே மேசை என்றால் முக்கால் மணி நேரம். பக்கத்து வரிசையில் நூறு இந்தியர்கள் போய்விடுவார்கள், இவர்கள் அப்படியே நிற்பார்கள். இறங்குவதற்கு முன் கையில் கொஞ்சம் கிரீம் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள். அசட்டு யோசனை மாதிரித் தெரியும், ஆனால் வேலை செய்யும்.

திருப்பூருக்குத் துணி வாங்க பையர் வருகிறார், யோகா மையத்துக்கு ஆள் வருகிறார் என்றால், அழைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இவ்வளவு. இ-விசாவில் இறங்க அனுமதிக்கப்பட்ட நிலையங்களின் பட்டியலில் கோயமுத்தூர் உண்டு. ஆகவே கொச்சியிலோ பெங்களூரிலோ இறங்கித்தான் வர வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாத ஆயுளும் இரண்டு வெற்றுப் பக்கமும் இருக்க வேண்டும். விசா ஒப்புதலைத் தாளில் அச்சிட்டுக் கொண்டுவருவது நல்லது, போன் சார்ஜ் போய் நிற்கிற நேரம் அதுதான். 2025 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டவருக்கு இணைய வருகை அட்டை வந்துவிட்டது; இறங்குவதற்கு 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. அதில் இந்திய முகவரி கேட்கும் இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "திருப்பூர்" என்று மட்டும் போட்டால் போதாது. ஓட்டல் பெயர், தெரு, பின்கோடு, அழைத்தவரின் போன் எண் நான்கையும் இரண்டு நாள் முன்பே வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். பிசினஸ் விசாவில் வருகிறவரிடம் எந்தக் கம்பெனி என்று கேட்டால் பனியன் கம்பெனியின் முழுப் பெயரைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மெர்ச்சண்டைசரின் செல்லப் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

ஓசிஐ அட்டைக்காரர்கள், அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட இந்திய வம்சாவளியினர், இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். எந்த வரிசை என்று வாசலில் நிற்கும் பணியாளரிடம் கேட்டுவிடுவதே மேல். நிலையத்துக்கு நிலையம் பலகை மாறும். சிக்கல் வருவது பிள்ளைகளால். 20 வயது ஆகும் வரை புதுப் பாஸ்போர்ட் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதை ஓசிஐ தளத்தில் மூன்று மாதத்துக்குள் பதிவேற்ற வேண்டும், இலவசம்தான். பிள்ளைகளின் பாஸ்போர்ட் பல நாடுகளில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாறும். அட்டையை எடுத்த கையோடு மறந்துவிடுகிறார்கள்.

வருவதில் இருக்கிற சுணக்கம் பொறுத்துக்கொள்ளக்கூடியது. போகும்போதுதான் உண்மையான ஆபத்து, ஏனென்றால் அங்கே தாமதம் என்றால் விமானம் போய்விடும். செக்-இன் மேசை குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். அதன் பிறகு இமிக்ரேஷன், அதன் பிறகு பாதுகாப்புச் சோதனை. சித்ரா பஸ் ஸ்டாப்பில் இறங்கிப் பத்து நிமிடத்தில் உள்ளே போய்விடலாம் என்ற உள்நாட்டு விமானப் பழக்கத்தில் வந்து மாட்டிக்கொள்ளாதீர்கள். மூன்று மணி நேரம் முன்பு வருவதுதான் முறை.

போகும்போது மாட்டிக்கொள்கிற இடங்கள் இரண்டு. முதலாவது பெயர். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தோடு சரி. பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே சொல்லாக, குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். 2022 நவம்பர் முதல் ஐக்கிய அரபு அமீரகம் இப்படி ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்றது. பிறகு, பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தியது. ஷார்ஜா டிக்கெட் போடுவதற்கு முன் அந்தக் கடைசிப் பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அமெரிக்க விசாவில் இதே ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராக ஏறிவிடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்ற மூன்றெழுத்து, அதாவது பெயர் தெரியவில்லை என்று. டிக்கெட்டிலும் அதே வரிசையில் இருந்தால்தான் நிம்மதி. சரி செய்ய ஒரே வழி, பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் பிரித்துப் போடுவது. அவசரத்துக்கு நடக்கிற காரியமில்லை, டிக்கெட் போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே செய்ய வேண்டியது.

இரண்டாவது இசிஆர், அதாவது வேலைக்கு வெளிநாடு போகுமுன் அரசின் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இந்தக் குறிப்பு அச்சாகி வரும். 1983-ம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி, இந்தக் குறிப்பு உள்ளவர் அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் இ-மைகிரேட் என்ற அரசுத் தளம் வழியாக அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை தேடிக்கொள்ளலாம் என்று ஏஜெண்டு சொல்லி அனுப்புகிறவர்கள்தான் மேசையில் நிறுத்தப்படுகிறார்கள். திரும்பி வரும் டிக்கெட் எங்கே, எந்த ஓட்டல், கையில் எவ்வளவு பணம் என்று கேள்வி மேல் கேள்வி வரும். அவர் பின்னால் நிற்பவர்களுக்கும் நேரம் போகும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தும் பழைய பாஸ்போர்ட்டில் இசிஆர் ஒட்டிக்கொண்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். 50 வயது தாண்டியவர்களுக்கும் வருமான வரி கட்டுகிறவர்களுக்கும்கூட விலக்கு உண்டு.

இனி, எந்த நிலையம்? முன்பே பதிந்துகொண்டவர்கள் மேசைக்குப் போகாமல் தானியங்கிக் கதவு வழியாகப் போகும் அரசின் விரைவு இமிக்ரேஷன் திட்டத்தைக் கட்டணம் இல்லாத சிறப்பு தரிசனம் என்று சொல்லலாம். 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னை, பெங்களூர், கொச்சி உட்பட ஏழு நிலையங்களுக்கும், செப்டம்பரில் திருச்சி, கோழிக்கோடு, திருவனந்தபுரம் உட்பட ஐந்துக்கும் வந்தது. இந்தப் பட்டியல்கள் எதிலும் கோயமுத்தூர் இல்லை. இந்தியரும் ஓசிஐக்காரரும் சேரலாம். உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் விண்ணப்பித்து, ரேகையும் முகமும் பதிந்துவிட்டால் ஐந்து வருடம், அல்லது பாஸ்போர்ட்டின் ஆயுள் முடியும் வரை, எது முந்தியதோ அதுவரை செல்லும். விண்ணப்பிக்கும்போது பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். ஒன்பதாவது வருடத்தில் இருக்கிற பாஸ்போர்ட்டுக்கு இதை எடுப்பதை விட, பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு எடுப்பது புத்திசாலித்தனம்.

வருடத்துக்கு ஐந்தாறு முறை பறக்கிற ஏற்றுமதிக்காரர்களுக்கு இது பெரிய சமாச்சாரம். கரூர், நாமக்கல் ஆட்களுக்குத் திருச்சி பக்கமும் கூட, அவர்கள் பீளமேட்டுக்கு வரக் காரணமே இல்லை. பொள்ளாச்சி, கோயமுத்தூர்க்காரர்களுக்குக் கொச்சி விமான நிலையம் சுமார் 160 கிலோமீட்டர். பாலக்காடு-திருச்சூர் வழியில் குதிரான் சுரங்கம் திறந்த பிறகு பாதை சுலபமாகிவிட்டது. ஆனால் தானியங்கிக் கதவில் மிச்சமாகிற அரை மணிக்காக மூன்று மணி நேரம் கார் ஓட்டுவது கணக்குக்கு ஒத்துவராது. ஐரோப்பாவுக்கு நேரம் ஒத்துவரும் விமானம் கொச்சியில் கிடைக்கிறது என்பதற்காகப் போகிறவர்கள், கூடவே இந்தப் பதிவையும் போட்டுக்கொள்ளட்டும்.

அக்கட்ட இறங்கியதும் நாம்தான் வெளிநாட்டவர். அதில் சிங்கப்பூருக்கு முதலிடம். விசாவோடு வருகை அட்டையும் வேண்டும். மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், இலவசம். காசு கேட்கிற தளம் எதுவானாலும் அரசுத் தளம் அல்ல. அங்குள்ள சாங்கி விமான நிலையத்தில் 2024 முதல் முன்பதிவு இல்லாத வெளிநாட்டவரும் தானியங்கிப் பாதையில் போகலாம். முத்திரை விழாது, தங்கும் அனுமதி மின்னஞ்சலில் வரும். அட்டையில் மின்னஞ்சலைத் தப்பாக அடித்தவர் அந்த அனுமதி வராமல் முழிப்பார். திரும்பி வரும்போது பாஸ்போர்ட்டை நீட்டாமலே முகத்தைக் காட்டி வெளியேறும் வசதி 2024 செப்டம்பர் இறுதியிலிருந்து முழுமையாக நடக்கிறது.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் 2025 அக்டோபர் 12-ல் புதிய நுழைவுப் பதிவு முறை தொடங்கியது. விசா வேண்டாத நாட்டவர் முதல் முறை நான்கு விரல் ரேகை கொடுக்க வேண்டும். நமக்கு விசா எடுக்கும்போதே ரேகை வாங்கிவிடுவதால் மறுபடி பதிய மாட்டார்கள். ரேகையைச் சரிபார்த்து, முகத்தை மட்டும் புதிதாகப் படம் எடுப்பார்கள். கண்காட்சிக்குப் போகிற கரூர், திருப்பூர்க்காரர்கள் இணைப்பு விமானத்துக்கு ஒன்றேகால் மணி நேர இடைவெளி வைத்து டிக்கெட் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முதலில் எந்த ஷெங்கன் நிலையத்தில் இறங்குகிறீர்களோ அங்கேயே இது முடிய வேண்டும். இரண்டரை மணி வையுங்கள்.

அமெரிக்காவுக்குப் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற பெரியவர்களுக்கு அபுதாபி வழி நல்லது. அங்கே 2014 முதல் அமெரிக்க இமிக்ரேஷன் மேசையே இருக்கிறது. அமெரிக்க விமானம் ஏறும் முன் அங்கேயே முடித்துவிட்டால், அந்தப் பக்கம் இறங்கும்போது உள்நாட்டுப் பயணி மாதிரி பெட்டியை எடுத்துக்கொண்டு நடக்கலாம். பதினைந்து மணி நேரப் பயணக் களைப்பில் வரிசையில் நிற்கிற வேலை மிச்சம். கோயமுத்தூரிலிருந்து அபுதாபிக்கு 2024 ஆகஸ்ட் முதல் நேரடி விமானம் உண்டு. ஒரே டிக்கெட்டாக எடுங்கள், நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். அந்த மேசைக்கு முன்னால் இன்னொரு முறை பாதுகாப்புச் சோதனை இருக்கிறது. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிட வேண்டும், நிலையத்தில் போய்க் கேட்டால் நேரமாகும்.

ஊருக்குத் திரும்பி வந்ததும், மேசையை விட்டு நகர்வதற்கு முன் முத்திரையின் தேதியைப் பாருங்கள். நள்ளிரவை ஒட்டி இறங்குகிற விமானங்களில் தேதி ஒருநாள் பிசகி விழுந்திருந்தால் அங்கேயே திருத்திக் கொடுப்பார்கள்.