நான்கு ஆண்டுகளாகப் புளியங்கொட்டையில் முழுக்கள்

மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான்கு ஆண்டுகளாகப் புளியங்கொட்டை வைத்துத்தான் முழுக்கள், அதாவது மிகை, குறை முழு எண்களும் பூச்சியமும், சொல்லித் தருகிறேன். தாய விளையாட்டுக்குத் தேய்ப்பதுபோல ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து வெளுக்க வைக்க வேண்டும். வெள்ளை முகம் +1, கறுத்த முகம் −1. ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் பூச்சியம்.

என்னை இதற்குக் கொண்டுவந்தது ஒரே ஒரு தவறு. “மைனஸும் மைனஸும் பிளஸ்” என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் (−3) + (−4) என்றால் 7 என்று எழுதினார்கள். பெருக்கலின் விதி கூட்டலுக்குள் புகுந்துவிடுகிறது. எத்தனை முறை திருத்தினாலும் போகவில்லை. மூன்று கறுப்போடு நான்கு கறுப்பைத் தன் கையால் சேர்த்து எண்ணிய பிள்ளைக்கு −7 தவிர வேறு விடை வருவதில்லை.

கழித்தலில்தான் இதன் அருமை தெரியும். 3 − (−2) என்றால் தரையில் மூன்று வெள்ளை. எடுக்க வேண்டியதோ இரண்டு கறுப்பு. “இல்லாததை எப்படி எடுப்பது?” என்று கேட்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. சற்று நேரத்தில் யாராவது ஒரு பிள்ளை இரண்டு ஜோடிப் பூச்சியத்தைக் கொண்டுவந்து வைத்து, கறுப்பை மட்டும் எடுத்துவிடும். மிச்சம் ஐந்து வெள்ளை. கடன் தள்ளுபடியானால் கையிருப்பு கூடுவதைப் போலத்தான் இதுவும். கி.பி. 628இல் கணித அறிஞர் பிரம்மகுப்தர் இந்த விதிகளை எழுதியபோது மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றுமே சொன்னார்.

(−3) × (−2) கூட வரும்: ஆறு ஜோடி வைத்து, இரண்டிரண்டு கறுப்பாக மூன்று முறை எடுத்தால் ஆறு வெள்ளை நிற்கும். ஆனால் நேரம் பிடிக்கும்.

கொட்டை கைவிடும் இடம் ஒன்று உண்டு. −8, −3 இரண்டில் எது பெரியது என்றால், எட்டுக் கறுப்பு கண்ணுக்கு அதிகமாகத் தெரிவதால் பிள்ளைகள் −8 என்கிறார்கள். அதற்கு எண்கோடுதான் வேண்டும். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, வலப்பக்கம் போகப் போகப் பெரிது என்று நடக்க வைக்கிறேன். −47 + 29 போன்ற கணக்குகளுக்கும் கொட்டை உதவாது.

இரண்டாம் ஆண்டில் வண்டு துளைத்துப் பாதிக் கொட்டை போயிற்று. இப்போது நன்றாக வெயிலில் காயவைத்து, மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் வைக்கிறேன். பிள்ளைக்கு இருபது கொட்டை போதும்.