‘இல்லை’ என்றால் ஏன் இல்லை? – சிமேக்கோடு நெடுநாள் புழக்கம்

ஒரே சி++ நிரலை லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் கம்பைல் செய்து (இயந்திர மொழிக்கு மாற்றி) வெளியிடுவது என் பிழைப்பு. அந்தந்தக் கணினியில் எந்தக் கம்பைலர், எந்த லைப்ரரி (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு), எந்த வசதி உண்டு என்று கண்டறியும் வேலையை முதலில் ஆட்டோகான்ஃபிடம் விட்டிருந்தேன், பிறகு பல ஆண்டுகளாகச் சிமேக்கிடம் விட்டிருக்கிறேன். வேகம், எளிமை என்றெல்லாம் இந்தக் கருவிகளை ஒப்பிடுகிறார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒரு வசதி ‘இல்லை’ என்று சொல்லும்போது, காரணத்தையும் சொல்கிறதா?

அடிப்படை யோசனையில் எனக்குக் குறையே இல்லை. 1991இல் டேவிட் மெக்கென்சி ஆட்டோகான்ஃபைத் தொடங்கியபோது பிடித்த வழியைத்தான் சிமேக்கும் பின்பற்றுகிறது. கணினியின் பெயரையோ பதிப்பு எண்ணையோ நம்பாமல், நாலு வரிச் சோதனை நிரல் ஒன்றைக் கம்பைலரிடம் கொடுத்துப் பார்ப்பது. தேறினால் உண்டு, தேறாவிட்டால் இல்லை. பதிப்பு அட்டவணை வைத்துக்கொண்டு மாரடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பிழை எண்ணுக்கு விளக்கம் தரும் ‘ஸ்ட்ரெரர்_ஆர்’ என்ற ஒரே பெயரில் இரண்டு செயற்கூறுகள் உலவுகின்றன. போசிக்ஸ் தரநிலையின் வடிவம் முழு எண்ணைத் திருப்பித் தரும், குனு லைப்ரரியின் வடிவம் எழுத்துச் சரத்தின் முகவரியைத் தரும். கம்பைல் செய்து பார்த்தால்தான் நம்மிடம் இருப்பது எது என்று நிச்சயமாகத் தெரியும்.

சிக்கல் இந்த ‘தேறாவிட்டால்’ என்ற சொல்லில் இருக்கிறது. சோதனை நிரல் தேறாமல் போக ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். வசதி இல்லாதது அவற்றில் ஒன்று மட்டுமே. 2023இல் கிளாங் 16, 2024இல் ஜிசிசி 14 என்ற கம்பைலர் பதிப்புகள் வந்தபோது இது வெட்டவெளிச்சமானது. சி மொழியில் அறிவிக்காத செயற்கூறை அழைப்பது அதுவரை வெறும் எச்சரிக்கையாக இருந்தது. இவ்விரண்டு பதிப்புகளும் அதைப் பிழையாக்கின. செயற்கூறுகளை அறிவிக்கும் உரிய ஹெடர் கோப்பைச் சேர்க்காமலேயே ‘எக்சிட்’டை அழைத்த பழைய சோதனை நிரல்கள் ஏராளம். அவை எல்லாம் விழுந்தன. ஆனால் பில்டு, அதாவது முழு நிரலையும் கட்டும் வேலை, விழவில்லை. ‘இந்த வசதி இல்லை போலிருக்கிறது’ என்று முடிவு கட்டி, அதை அணைத்துவிட்டு, வெற்றி என்று அறிவித்தது. என் நிரலில் அப்படி அணைந்த ஒரு வேகப்படுத்தலைப் பயனர் ஒருவர் ‘புதிய வெளியீடு மந்தமாக இருக்கிறதே’ என்று கேட்ட பிறகுதான் தேடிப் பிடித்தோம்.

இந்த மௌனத்தை வேண்டுமென்றே பயன்படுத்தியவர்களும் உண்டு. 2024 மார்ச்சில் அம்பலமான எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவிக்குள் கள்ளத்தனமாகப் பின்வாசல் வைத்த விவகாரத்தில், லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்கும் சிமேக் சோதனை நிரலுக்குள் ஒற்றைப் புள்ளி ஒன்று செருகப்பட்டிருந்தது. புள்ளி இருக்கும்வரை அந்த நிரல் எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. எனவே லேண்ட்லாக் எங்குமே ‘இல்லை’. அதற்குப் பிறகு, சோதனை முடிவுகளின் பட்டியலை ஒவ்வொரு வெளியீட்டின்போதும் முந்தையதோடு ஒப்பிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். புதிதாக ஒரு ‘இல்லை’ முளைத்தால் வெளியீடு நிற்கும்.

பொய்யான ‘உண்டு’ம் உண்டு, ஆனால் அது அரிது. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7 உடன் வந்த ஜிசிசி 4.8இல், எழுத்துக் கோலங்களைத் தேட உதவும் ‘ரீஜெக்ஸ்’ ஹெடர் இருக்கும், கம்பைல் ஆகும், இணைப்பும் முடியும். ஓடும்போது விதிவிலக்கை வீசிவிட்டுப் படுத்துவிடும். 4.9இல்தான் அது உண்மையில் வேலை செய்தது. இப்படிப்பட்டவற்றை ஓட்டிப் பார்த்துத்தான் பிடிக்க முடியும். ராஸ்பெர்ரி பைக்காக மேசைக் கணினியில் கம்பைல் செய்யும்போது அந்த வழியும் அடைபடும், ஏனென்றால் பைக்காகக் கம்பைல் செய்த நிரல் மேசைக் கணினியில் ஓடாது. சிமேக் அந்த இடத்தில் விடையை நம்மையே எழுதித் தரச் சொல்கிறது. அது நியாயமான நடத்தை. மேசைக் கணினியின் லைப்ரரியை இலக்குக் கணினியின் லைப்ரரி என்று எடுத்துக்கொள்வதுதான் நியாயமில்லை. இலக்குக் கணினிக்கான கருவிகளைக் குறிப்பிடும் டூல்செயின் கோப்பில், தேடும் வேர் அடைவை வரையறுத்து, லைப்ரரியையும் ஹெடரையும் அந்த வேருக்குள் மட்டும் தேடு என்று கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். லைப்ரரிகளின் இருப்பிடத்தைச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவியையும் சேர்த்து அடக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பின்கதவு வழியாக உள்ளூர்ப் பாதையைக் கொண்டுவந்து வைக்கும்.

சிமேக்கில் என்னை அதிகம் படுத்துவது அதன் நினைவுக் கோப்பு. லைப்ரரியைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் அடுத்த முறை மறுபடி தேடும். ஆனால் கம்பைல் சோதனையின் முடிவை, தோல்வியானாலும், அப்படியே எழுதி வைத்துக்கொள்ளும். விடுபட்ட பொதியை நிறுவிவிட்டுத் திரும்ப ஓட்டினாலும் பழைய ‘இல்லை’யையே ஒப்பிக்கும். புதியவர்கள் அரை நாளைத் தொலைப்பது இங்கேதான். சிமேக் 3.24இல் வந்த, பழைய நினைவை அழித்துப் புதிதாகத் தொடங்கும் ‘ஃப்ரெஷ்’ தெரிவு இதற்கு நல்ல மருந்து. 3.17இல் வந்த தேடல் பிழைகாட்டி, எந்தெந்த அடைவுகளில் எந்த வரிசையில் பார்த்தது என்று கொட்டிவிடும். 3.26இலிருந்து சோதனைகளின் முழு விவரமும் யாம்ல் என்ற உரை வடிவத்தில் ஒரே கோப்பில் சேர்கிறது. படிக்க அழகாக இருக்காது, ஆனால் கம்பைலர் என்ன சொல்லித் திட்டியது என்பது வார்த்தை மாறாமல் அதில் இருக்கும்.

இந்த இடத்தில் மீசன் என்ற போட்டிக் கருவியை மெச்சத்தான் வேண்டும். விருப்ப வசதிகளை ‘தானாக’, ‘கட்டாயம்’, ‘வேண்டாம்’ என்று மூன்றாகப் பிரித்து, ‘தானாக’ என்பவற்றை எல்லாம் ஒரே கட்டளையில் கட்டாயமாக்க இடம் கொடுக்கிறது. கிடைக்காவிட்டால் பில்டு நின்றுவிடும். சிமேக்கில் 3.22 முதல் ஒவ்வொரு பொதிக்கும் தனித்தனியே கட்டாயம் என்று வெளியிலிருந்து சொல்லலாம், ஆனால் ஒட்டுமொத்தமாக முடியாது. ஆனாலும் விஷுவல் ஸ்டுடியோவோடு ஒட்டி உறவாடுவதாலும், எந்த லைப்ரரியை எடுத்தாலும் அதற்கான சிமேக் கோப்பு பெரும்பாலும் கூடவே வருவதாலும் நான் இடம் மாறவில்லை.

2025இல் வந்த சிமேக் 4.0 பதிப்பு, 3.5க்கு முந்தைய விதிகளை நம்பி எழுதிய திட்டங்களை ஏற்க மறுக்கிறது. நான் சார்ந்திருக்கும் பழைய லைப்ரரிகள் சில அப்படி நின்றன. குறைந்தபட்சக் கொள்கைப் பதிப்பு 3.5 என்று கட்டளை வரியில் கொடுத்தால் அவற்றில் பல நகர்ந்துவிடும். நின்ற இடத்திலேயே காரணத்தையும் இந்த மாற்று வழியையும் பிழைச் செய்தியே எழுதிக் காட்டியதால், அந்த வேலை அன்று மாலைக்குள் முடிந்தது.