தன்வீன் என்றால் 'ஒரு' தானா?

அரபி இலக்கணத்தில் தன்வீனை, அதாவது பெயர்ச்சொல்லின் கடைசியில் வரும் உன், அன், இன் ஒலியை, இரண்டு விதமாகச் சொல்லித் தருவார்கள். முதல் வழி சுலபம். சொல்லின் கடைசியில் உன், அன், இன் வந்தால் 'ஒரு'. முன்னால் அல் வந்தால் 'அந்த'. கிதாபுன், ஒரு புத்தகம். அல்கிதாபு, அந்தப் புத்தகம். இரண்டும் ஒரே சொல்லில் சேர்ந்து வராது. மதரஸாவில் இந்த ஒலிக்குறிகளை இரண்டு பேஷ், இரண்டு ஸபர் என்று ஓதிப் பழகியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

பொருந்தும் இடத்தில் இந்த விதி அழகாகவே வேலை செய்கிறது. மக்காவுக்காக இப்ராஹீம் நபி கேட்ட துஆ குர்ஆனில் இரண்டு இடங்களில் வருகிறது. 2:126-இல் 'ஹாதா பலதன் ஆமினன்': இதை அபயமுள்ள ஊராக்கு. 14:35-இல் 'ஹாதல் பலத ஆமினன்': இந்த ஊரை அபயமுள்ளதாக்கு. ஊர் என்ற சொல்லில் தன்வீன் போய் அல் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, முஹம்மதுன்? ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயர், ஆனாலும் தன்வீன் உண்டு. மஸாஜிது என்றால் எந்தப் பள்ளிவாசல்கள் என்று சொல்லாத பன்மை, அதில் தன்வீன் இல்லை. கிதாபு வலதின், 'ஒரு பையனின் புத்தகம்'; இதில் கிதாபுக்கு அல்லும் இல்லை, தன்வீனும் இல்லை. நான் முட்டிக்கொண்டது இங்கேதான்.

இரண்டாவது வழி இதற்குப் பதில் வைத்திருக்கிறது. தன்வீன் பெரும்பாலும், வேற்றுமை உருபு மூன்றையும் முழுதாக ஏற்கும் பெயர்ச்சொல்லின் அடையாளம். அஹ்மது, இப்ராஹீமு, மஸாஜிது போன்றவை அந்த வகையில் சேராதவை. அதனால் அவற்றுக்குத் தன்வீன் கிடையாது. அசல் 'ஒரு' தன்வீன் தனியாக ஒன்று உண்டு, அதற்குப் பெயர் தன்வீனுத் தன்கீர். 8-ஆம் நூற்றாண்டு இலக்கண அறிஞர் ஸீபவைஹியின் பெயரையே உதாரணமாகக் காட்டுவார்கள்: ஸீபவைஹி என்றால் அவர், ஸீபவைஹின் என்றால் அந்தப் பெயருள்ள யாரோ ஒருவர்.

தமிழ் பேசுகிறவருக்கு இரண்டாவது வழி அப்படியொன்றும் அந்நியம் இல்லை. 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்' இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குக் காதிலேயே விழுகிறது. அதற்காக ஐ உருபை 'அந்த' என்று யாரும் மொழிபெயர்ப்பதில்லை.

முதல் வழியை இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம். ஆட்பெயர்கள் பாடத்தில் வந்ததும் விட்டுவிட வேண்டும். அப்புறம் ஷுக்ரன்: அரபுத் தெருப்பேச்சில் மற்ற உன், இன் பெரும்பாலும் உதிர்ந்தாலும் அந்த அன் மட்டும் நிற்கிறது. அதை 'ஒரு நன்றி' என்று எடுத்துக்கொள்பவர் யாருமில்லை.