எண்ணெயா, ஓட்ஸா, நடையா? ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு செய்வோம்

இரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று தெரிந்தவுடன் சென்னை வீடுகளில் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று நடக்கிறது. ரீஃபைண்டு பாக்கெட் போய் மரச்செக்கு எண்ணெய் வருகிறது, அல்லது இட்லி நின்று ஓட்ஸ் கஞ்சி வருகிறது, அல்லது அதிகாலை நடை தொடங்குகிறது. ஒன்று போதும், மற்ற இரண்டும் தேவையில்லை என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் இவை எல்லாமே ரிப்போர்ட்டில் ஒரே எண்ணைக் குறைப்பவை அல்ல.

தி.நகரில் இருக்கும் எங்கள் வீட்டிலேயே இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். அப்பாவுக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 104, இரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 260. மூன்று மாதம் செக்கு எண்ணெய்க்கு மாறியும் டிரைகிளிசரைடு 250-க்குக் கீழே இறங்கவில்லை.

எண்ணெயை மாற்றுவது முக்கியமாக எல்.டி.எல்.-லைக் குறைக்கும் வழி. அதிலும் செக்கா, ரீஃபைண்டா என்பதைவிட எந்த வித்திலிருந்து எடுத்தது என்பதே பெரிய கேள்வி. செக்கில் ஆட்டினால் மணமும் சில நுண்சத்துகளும் மிஞ்சும். எல்.டி.எல்.-லைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பின் அளவு மாறாது. அந்தக் கொழுப்பு நல்லெண்ணெயில் சுமார் 15 சதவீதம், கடலை எண்ணெயில் 20-க்குச் சற்றுக் குறைவு, ரேஷன் கடைப் பாமாயிலில் 40 முதல் 50, நெய்யில் 60-க்கு மேல், தேங்காய் எண்ணெயில் 80-க்கும் மேல். ஆகவே பாமாயிலிலிருந்து நல்லெண்ணெய்க்கு மாறுகிறவருக்குப் பலன் உண்டு. ரீஃபைண்டு கடலை எண்ணெயிலிருந்து செக்குக் கடலை எண்ணெய்க்கு மாறுகிறவருக்கு எல்.டி.எல்.-லில் பெரிதாக ஒன்றும் மாறாது. அளவையும் மறக்கக் கூடாது. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் மூன்று லிட்டர் எண்ணெய் செலவானால் ஆளுக்கு நாளொன்றுக்கு 25 மில்லி ஆகிறது. அம்மா இப்போது ஒன்றாம் தேதியே மாதத்துக்கான எண்ணெயை அளந்து தனிப் பாட்டில்களில் ஊற்றி வைத்துவிடுகிறார். தோசைக்கல்லைச் சுற்றி ஊற்றிய எண்ணெய், இப்போது அரை வெங்காயத்தில் தொட்டுத் தடவும் அளவுக்குக் குறைந்திருக்கிறது.

ஓட்ஸும் எல்.டி.எல்.-லைத்தான் குறைக்கிறது. அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நார், குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுவதால், புதிய பித்தம் சுரக்க வேண்டிய கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. இதற்கு நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான், அதாவது சுமார் 75 கிராம் உலர் ஓட்ஸ் வேண்டும். இரண்டு ஸ்பூன் கஞ்சி போதாது. இதற்காக எல்லோரும் ஓட்ஸுக்கு மாற வேண்டும் என்பதில்லை. தினமும் ஒரு கிண்ணம் வேகவைத்த பருப்போ பயறோ சாப்பிட்டால் எல்.டி.எல். ஏறத்தாழ 5 சதவீதம் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கொண்டைக்கடலைச் சுண்டலும் கெட்டியான சாம்பாரும் நமக்குப் பழகியவை, சலிக்காதவை என்பதால் நான் அவற்றையே முதலில் சொல்வேன்.

நடை எல்.டி.எல்.-லை அதிகம் தொடுவதில்லை. அது டிரைகிளிசரைடைக் குறைக்கும், நல்ல கொழுப்பான எச்.டி.எல்.-லைச் சிறிதளவு உயர்த்தும். தமிழ்நாடும் இடம்பெற்ற, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இண்டியாப் ஆய்வின் 2014-ஆம் ஆண்டு முடிவுகளில் எச்.டி.எல். குறைந்தவர்கள் 72 சதவீதம், டிரைகிளிசரைடு கூடியவர்கள் ஏறத்தாழ 30 சதவீதம், எல்.டி.எல். கூடியவர்கள் 12 சதவீதம் மட்டுமே. நம் ஊரில் பலருக்கும் எண்ணெய் டப்பாவைவிடச் சோற்றுப் பானையும் சர்க்கரை டப்பாவுமே முதலில் கவனிக்க வேண்டியவை என்று நான் நினைப்பது இதனால்தான். மிஞ்சும் மாவுச்சத்தைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றிவிடுகிறது. மதுவும் அதைக் கூட்டும். அப்பா இரவுச் சோற்றை ஒரு கரண்டியாகக் குறைத்து, காபியில் சர்க்கரையை விட்டு, நடேசன் பூங்காவில் தினமும் 40 நிமிடம் வேகமாக நடந்தார். அடுத்த மூன்று மாதத்தில் டிரைகிளிசரைடு 171.

எல்.டி.எல். 190-ஐத் தாண்டியிருந்தால் அது பரம்பரையாக வந்ததாகவும் இருக்கலாம். அப்போது மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. மாரடைப்பு வந்தவர்களும் சர்க்கரை நோயாளிகளும் உணவு மாறிவிட்டது என்று கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. மற்றவர்கள் எந்த மாற்றத்தைத் தொடங்கினாலும் மூன்று மாதம் விடாமல் செய்துவிட்டு மறுபடி பரிசோதித்து, பழைய ரிப்போர்ட்டையும் கையோடு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.