வங்கி அறிவிப்பு வந்த வீட்டாருக்கு: ‘ஸ்டே வாங்கித் தருகிறேன்’ என்பவரிடம் போகாதீர்கள்

அயனாவரத்தில் எங்களுக்கு இருந்த 540 சதுர அடி அடுக்குமாடி வீட்டை வங்கி 2024 ஏப்ரலில் ஏலம் விட்டது. கடன் வாங்கியவர்களும் தவணை தவறியவர்களும் நாங்கள்தான். அதை மறைக்க நான் இதை எழுதவில்லை. வங்கிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒருவர் வந்து, சட்டம் எங்களுக்குக் கொடுத்திருந்த நாள்களை ஒவ்வொன்றாகக் கடத்தி, அதற்குக் கூலியாக எங்களிடமே 1,45,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அதே வேலையை அவர் இன்னும் செய்துகொண்டிருக்கிறார் என்று சென்ற மாதம் தெரியவந்ததால் இதை எழுதுகிறேன்.

2017இல் என் மாமியார் ஊரில் இருந்த நிலத்தை விற்றுத் தந்த பத்து லட்சத்தோடு, நானும் என் கணவரும் சேர்ந்து 28 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்கினோம். ஆறு ஆண்டுகள் ஒரு தவணையும் தவறவில்லை. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டி 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக ஏறியதில், எங்கள் தவணையும் 24,300 ரூபாயிலிருந்து 26,100 ரூபாய் ஆயிற்று. அதைக்கூடச் சமாளித்தோம். ஆனால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் என் கணவர் வேலை பார்த்த பட்டறை அந்தப் பிப்ரவரியில் மூடப்பட்டபின், ஏப்ரல் முதல் தவணை கட்ட முடியவில்லை. தொண்ணூறு நாள் கடந்ததும் கணக்கு வாராக்கடன் ஆயிற்று. ஆகஸ்டில், நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவின் கீழ் கேட்பு அறிவிப்பு பதிவுத் தபாலில் வந்தது: அறுபது நாளுக்குள் 24,71,000 ரூபாய் முழுவதையும் கட்ட வேண்டும்.

அந்தத் தொகையைப் படித்ததும் எங்களுக்கு வேறு எதுவும் புரியவில்லை. மாதம் 26,100 கட்ட முடியாதவர்களால் 24 லட்சத்தை எங்கிருந்து புரட்ட முடியும்? வங்கிக் கிளைக்குப் போய் நிற்கக் கூசினோம். உறவினர் ஒருவர் மூலம் பாரிமுனைப் பக்கம் ஒரு மாடி அறையில் ‘வங்கிக் கடன் தீர்வு ஆலோசகர்’ என்று பலகை வைத்திருந்தவரிடம் போனோம். மிகவும் அன்பாகப் பேசினார். என் மாமியாரை “அம்மா, உங்கள் வீட்டுச் சாவியை யாரும் தொட முடியாது” என்று சொல்லித் தேற்றினார். அறிவிப்புக்குப் பதில் எழுதினால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றும், வங்கிக்குள் கால் வைத்தால் கையெழுத்து வாங்கிவிடுவார்கள் என்றும், எல்லாவற்றையும் தானே ‘மேலிடத்தில்’ பேசி, தேவைப்பட்டால் இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் ஸ்டே, அதாவது இடைக்காலத் தடை, வாங்கிவிடுவதாகவும் சொன்னார்.

என் தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் அடகு வைத்து 1,60,000 ரூபாய் புரட்டியிருந்தோம். அதிலிருந்து முதலில் 60,000, அடுத்த மாதம் 50,000 என்று ரொக்கமாகக் கொடுத்தோம். ரசீது கேட்டதற்கு, வழக்கு முடிந்ததும் மொத்தமாகத் தருவதாகச் சொன்னார். நவம்பரில் கேட்ட 35,000 ரூபாயை மட்டும் அவர் சொன்ன வேறொரு பெயருள்ள கணக்குக்கு ஜிபே செய்தோம். இன்று எங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று அதுதான். வெற்று வக்காலத்துத் தாளிலும், இரண்டு வெற்று முத்திரைத் தாள்களிலும் எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்.

நவம்பர் இறுதியில் ஒரு காலை, நான் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்த சிறிது நேரத்தில், வங்கி ஆட்கள் வந்து, வீட்டைச் சட்டப்படி வங்கி தன்வசம் எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் சுவாதீன அறிவிப்பைக் கதவில் பசை தடவி ஒட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் அது ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் எங்கள் பெயர், கதவு எண், கடன் தொகையோடு வெளியானது. அப்படி வெளியிட வேண்டும் என்பதே விதி. அன்று மாலைக்குள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ அதைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களுக்கும் பராமரிப்புத் தொகை பற்றிய கவலை இருந்திருக்கும். ஆனால் பத்தாம் வகுப்பில் இருந்த என் மகள் அதன்பின் விளையாடவோ பேசவோ கீழே இறங்கவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் மறுநாள் ஒரு கிண்ணத்தில் குழம்போடு வந்து, எதுவும் கேட்காமல் வைத்துவிட்டுப் போனார்.

சுவாதீன நடவடிக்கையை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் 17ஆம் பிரிவின் கீழ் மனு செய்யச் சட்டம் 45 நாள் தருகிறது. அந்த 45 நாளும் அந்த மனிதர் “மனு போட்டாயிற்று, நம்பர் ஆகிவிட்டது” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்; வற்புறுத்திக் கேட்டபோது ஒரு வழக்கு எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நாங்கள் நிம்மதியாகப் பொங்கல் வைத்தோம். அந்த எண்ணைத் தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் எவரும் கட்டணமில்லாமல் சரிபார்க்கலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. பிறகு பார்த்தபோது, அது வேறு யாரோ ஒருவர் வேறு வங்கியின் மீது தொடுத்த வழக்கின் எண். எங்கள் பெயரில் எந்த மனுவும் எந்நாளும் தாக்கலாகவில்லை.

மார்ச்சில், மகளின் பொதுத்தேர்வு நெருங்கியிருந்த வாரத்தில், ஏல அறிவிப்பு வந்தது. ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்புவரை மொத்த நிலுவையையும் செலவுகளையும் கட்டி வீட்டை மீட்கக் கடனாளிக்கு உரிமை உண்டு என்றும், 2016இல் செய்த திருத்தத்தால் அறிவிப்பு வெளியானதும் அந்த உரிமை முடிந்துவிடுகிறது என்றும் பின்னால் அறிந்தேன். அன்றும் அவரிடம்தான் ஓடினோம். ஸ்டே கிடைத்துவிட்டது, நகல் வர வேண்டியதுதான் பாக்கி என்றார். ஏலம் நடந்தது, வீடு 34,50,000 ரூபாய்க்குப் போயிற்று.

ஜூலையில் எழும்பூர் தலைமைப் பெருநகர் குற்றவியல் நடுவர் நீதிமன்ற உத்தரவோடு, அந்த நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையரும் காவலர்களும் எங்களைக் காலி செய்ய வைக்க வந்தார்கள். அவர்கள் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. சாமி விளக்கைக் குளிர வைத்து எடுத்துக்கொள்ள என் மாமியாருக்கு நேரம் கொடுத்தார்கள். ஸ்டே இருக்கிறது என்ற நம்பிக்கையில் நாங்கள் வாடகை வீடுகூடப் பார்த்து வைக்கவில்லை. முந்தின இரவு அரைத்த இட்லி மாவு குளிர்பெட்டியில் இருந்தது. சாமான்கள் இரண்டு நாள் என் தம்பி வீட்டு மொட்டை மாடியில் தார்ப்பாய்க்குள் கிடந்தன. இப்போது திருநின்றவூரில் குடியிருக்கிறோம். பள்ளியை மாற்ற வேண்டாம் என்று மகள் பிடிவாதமாகச் சொன்னதால், அதிகாலை மின்சார ரயில் ஏறிப் பெரம்பூர் லோகோ நிலையத்தில் இறங்கிப் போய்வருகிறாள். நிலத்தை விற்றுத் தந்த மாமியார் இதுவரை எங்களை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் என் கணவரை அதிகம் வாட்டுகிறது.

கடனும் வட்டியும் செலவும் போக ஏலத் தொகையில் மிச்சம் இருந்தால் அது கடனாளிக்குச் சேர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இதை எங்களுக்குச் சொன்னவரும் அந்த ஆலோசகரே. ஆனால் மிச்சத்தை ‘வாங்கித் தர’ பத்து சதவீதம் கேட்டார். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்து, முதல் முறையாகத் தனியாக வங்கிக் கிளைக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி கணக்கை எடுத்துக் காட்டி, ஒரு கடிதமும் வங்கிக் கணக்கு விவரமும் போதும் என்றார்; ஏழு வாரத்தில் மிச்சத் தொகை எங்கள் கணக்குக்கு வந்தது. புறப்படும்போது அவர் வருத்தத்தோடு சொன்னதை நான் மறக்கப் போவதில்லை: “ஏன் அம்மா ஆகஸ்டிலேயே வரவில்லை? ஐந்து தவணை நிலுவையைக் கட்டியிருந்தாலே கணக்கை வழக்கத்துக்குக் கொண்டுவந்திருப்போமே.” ஐந்து தவணை என்பது 1,30,500 ரூபாய். அந்த ஆகஸ்டில் எங்கள் கையில் 1,60,000 இருந்தது.

ஆகவே இப்போது கையில் அறிவிப்போடு இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உறையில் தேதியைக் குறித்துக்கொண்டு மறுநாளே கிளைக்குப் போங்கள். முழுத் தொகையைப் பார்த்துத் திகைக்காமல், தவறிய தவணைகளின் நிலுவை மட்டும் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அறிவிப்புக்கு ஆட்சேபமோ விளக்கமோ எழுதினால், வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தந்தாக வேண்டும். எழுதுவதால் எந்த உரிமையும் போய்விடாது. தீர்ப்பாயத்துக்குப் போக வக்கீலுக்குப் பணமில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்ட எனக்கு அந்த உதவி முதல் நாளிலிருந்தே கிடைத்திருக்கும். அதை என்னிடம் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. வெற்றுத் தாளில் மட்டும் யார் கேட்டாலும் கையெழுத்திடாதீர்கள்.

அந்த ஆலோசகர் மேல் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறோம். சென்ற மாதம் வியாசர்பாடியிலிருந்து ஒரு குடும்பம் எங்களைத் தேடி வந்தது. அவர்களுக்கும் அதே மாடி அறை, அதே பேச்சு, அதே போலி எண். அவர்களுடைய 45 நாளில் இன்னும் 11 நாள் மீதம் இருந்ததால், உடனே சட்ட உதவி மையத்துக்கு அழைத்துச் சென்றோம், மனு தாக்கலாகியிருக்கிறது. பாரிமுனைப் பக்கம் இப்படி ஒருவரிடம் பணம் கொடுத்தவர்கள் வேறு யாரேனும் இருந்தால், ஜிபே விவரங்களையும் அவர் அனுப்பிய வழக்கு எண்ணையும் அழிக்காமல் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். அடுத்த முறை நிலையத்துக்குப் போகும்போது எல்லோரும் சேர்ந்தே போவோம்.